பளபளத்த டிஸ்ட்ரிபியூட்டர்

ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். நேரில் கூப்பிடுவதெல்லாம் 'சூப்பர்வைசரம்மா' என்றுதான். கத்தரி என்பது முதுகுக்குப் பின்னால். சலவையிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பாள். நல்லது ஒரு பக்கம், நைந்தது ஒரு பக்கம். நைந்ததை அங்கேயே நீளவாக்கில் வெட்டித் துடைக்கும் துணியாக்கிவிடுவாள். இன்னும் கொஞ்ச நாள் தாங்குமே என்று எந்த நர்சாவது வாயெடுத்தால் தொலைந்தாள். வேலை என்னவோ படு சுத்தம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது கத்தரியை அங்கேயே வைத்துவிட்டு வரத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கல்யாணமான புதிதில் அவர் வாயாடியாம், அவளுடைய அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். போகப்போகப் பேச்சு சுருங்கி, கடைசியில் 'ஆமா' ஒன்றுதான் மிஞ்சியது. அந்த மனிதர் ஒருநாள் தாம் பிறப்பதற்கும் முன்னால் தயாரான ஒரு பழைய காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து கொட்டகையில் நிறுத்தினார். வீடு ரெண்டுபடும் என்று அக்கம்பக்கம் காத்திருந்தது. அவளோ காரைச் சுற்றிவந்து, கதவைத் திறந்து முன் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். இவர் ஓட்ட, பக்கத்தில் இப்படியே உட்கார்ந்துபோய் அக்கா வீட்டு வாசலில் இறங்கவேண்டும் என்று அந்த நிமிஷமே ஆசை விழுந்துவிட்டது. அதை அவரிடமும் சொன்னாள். அவள் அவரிடம் வேறெதுவும் அப்படி ஆசையாகக் கேட்டதில்லை.

காரில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. எந்த பிளக்குக்கு எப்போது மின்சாரம் போகவேண்டும் என்று முறைவைத்துப் பங்கிடுகிற சாமான் அது. அது இல்லாவிட்டால் எஞ்சின் வெறும் இரும்புதான். கிடைத்ததை மாட்டிவிடவும் முடியாது. தண்டின் நீளம் பார்க்கவேண்டும், அடிநுனி எப்படிக் கவ்வுகிறது என்று பார்க்கவேண்டும், உடம்பில் பொறித்த எண்ணைப் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அது எந்தப் பக்கம் சுற்றுவதற்காகச் செய்தது என்று தெரியவேண்டும். அவர் பழைய சாமான் கடைகளில் அலைந்து மூன்றைப் பிடித்துவந்தார். இரண்டு துருவேறியவை, ஒன்று பளபளப்பானது. மூன்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கடைப் பூதக்கண்ணாடியால் எண்ணெண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா வருகிறாள் என்று சேதி வந்தது. அவள் மேசையை ஒழித்தாள். அவர் கடையிலிருந்து திரும்பியபோது மேசையில் விரிப்பு விரித்திருந்தது. பளபளப்பானது மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. துருப்பிடித்த இரண்டையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாகிவிட்டது, நல்லதை எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள்.

"அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"என்ன வந்து? எது நல்லது, எது கழிச்சு விடறதுன்னு எனக்குத் தெரியாதா? தினம் அதுதானே என் பொழப்பு?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரும்புக்காரனைத் தேடிப் போனார். இரும்புக்காரனின் வண்டி அதற்குள் பட்டறைக்குப் போய், சரக்கு உருக்குகிற உலைக்குப் போயிருந்தது. திரும்பிவந்து, கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

சில மாதம் கழித்து எஞ்சின் உயிர்பெற்றது. அவள் குழந்தைபோலக் கைதட்டினாள். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொட்டகையில் கார் சிறிது நேரம் உறுமும், அடங்கும். எப்போது கிளம்பலாம் என்றால் டயர் சரியில்லை என்பார். டயர் வந்தால் பிரேக். பிரேக் வந்தால் மழை. வருஷங்கள் போயின. அக்கா வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். அங்கே நாலு பேருக்கு நடுவில் அவள் அவரை ஒரு கை பார்ப்பாள். வீட்டில் காரை வைத்துக்கொண்டு தெருவில் எடுக்கப் பயப்படுகிற வீரர் என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் கூடச் சிரிப்பார்.

பிறகு இடுப்பில் நரம்பு பிசகி, அவருடைய இடது கால் மரத்துப்போனது. இனி கிளட்ச் மிதிக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்றார் டாக்டர். காரை விற்பது என்று முடிவானது.

வாங்க வந்தவர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்திருந்தார். அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனபோது மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எதிர்ப்பக்கம் சுத்தற எஞ்சினுக்கு உள்ளது சார். நின்ன எடத்துல ஓடும். ஆக்சிலேட்டரை மிதிச்சா திணறி நின்னுடும். இதை வச்சுக்கிட்டு இந்த வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்காது."

அவர் அவசரமாக, "தெரியும் தம்பி. நான்தான் தப்பா பார்த்து எடுத்துட்டேன்," என்றார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. கார் வந்தமாதிரியே கயிறு கட்டிப் போனது.

வெறும் கொட்டகையில் எண்ணெய்க் கறையைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள். சரியானது அந்தத் துருப்பிடித்த இரண்டில் ஒன்றா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார். வேறொன்று தேடவில்லையா என்றாள். கேட்காத இடமில்லை, கிடைக்கவில்லை என்றார். சொந்தக்காரர்களுக்கு நடுவில் அவரை வைத்துச் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் இப்போது அவளுக்கு நினைவு வந்தது. அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் அவளுக்குக் கோபமும் கூடவே வந்துவிடும்.

"ஏன் என்கிட்ட சொல்லல? மனசு கஷ்டப்படுவேன்னா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல. சண்டை வரும்னு."

"அன்னைக்கே உட்கார வச்சு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

"ஆமா, கேட்டிருப்பே," என்றார் உடனே. அவள் கேட்டு முடிப்பதற்கு முன்பே தலை ஆடத் தொடங்கியிருந்தது.

அந்தத் தலையாட்டலை அவள் அன்றுதான் பார்த்தாள். இத்தனை வருஷமும் அதைச் சம்மதம் என்று நினைத்து எத்தனையோ காரியங்களை முடித்திருந்தாள்.

"இல்லைங்க," என்றாள் மெதுவாக. "கேட்டிருக்க மாட்டேன்."

"ஆமா," என்றார் அவர்.

அது எந்த ஆமா என்று அவளுக்குத் தெரியவில்லை.