ஜாவாத் தேவாங்கும் ஒரு பிடி முடியும்

கோயில் மலைமேல் முடியிறக்கும் கொட்டகையில் நான் கத்தி பிடித்த முதல் நாளே இந்தக் கூத்து. யுத்தம் முடிந்து, கடல் தாண்டி மாட்டிக்கொண்டவர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரம்.

பொதட்டூர்பேட்டைக் கன்னியப்பன் லுங்கி விற்க ஜாவாவுக்குப் போய், ஜப்பான்காரன் வந்ததும் அங்கேயே சிக்கிக்கொண்டவர். உயிரோடு திரும்பினால் முடி தருவதாக வேண்டிக்கொண்டு தோள்வரை வளர்த்திருந்தார். என் எதிரே வந்து உட்கார்ந்தார். பிடரி முடிக்குள் ஏதோ அசைந்தது. விலக்கிப் பார்த்தால் இரண்டு பெரிய கண்கள்.

"தேவாங்கா?" என்றேன்.

"ஆங், அந்த ஜாதிதான். அந்தத் தீவுல சந்தையில வாங்கினேன். கடிக்காதுண்ணா, பல்லப் புடுங்கிட்டுதான் விக்கிறானுங்க. கப்பல்லகூட என் முடியப் புடிச்சிகினேதான் வந்திச்சு. பாத்து செய்ங்க."

பார்த்துத்தான் செய்தேன். அவருக்கும் கீறல் இல்லை, அதற்கும் இல்லை. கடைசியில் பிடரி முடி கொத்தாகக் கழன்றது. அந்தக் கொத்தை நெஞ்சோடு அணைத்தபடி தேவாங்கு அவர் மடியில் சரிந்தது.

"அந்த முடிய அதுங்கிட்டயே உட்டுடுங்கண்ணா. பயப்படுது" என்றார் கன்னியப்பன்.

எங்களை மேய்க்கும் கொட்டகை மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ நல்ல பேர் வாங்கும் அவசரம். "நேர்ந்துகினு வந்த முடிங்க. ஒண்ணுகூட வெளிய போவக் கூடாது" என்று பெரிய மனிதன்போல் சொன்னேன். அதன் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். இத்தனூண்டு விரல், ஆனால் என்ன பிடி! கீச்சென்று கத்தியது.

முடி கூடைக்குப் போனது. தேவாங்கு பழைய இடத்துக்கே ஏறிப் பார்த்தது. தண்ணீர் வழியும் மொட்டையில் கை வழுக்கியது. மறுபடி ஏறியது, மறுபடி வழுக்கியது. கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கன்னியப்பன் அதைத் துண்டில் பொதிந்துகொண்டு எழுந்தார். "சாமி கேட்டாராண்ணா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் முடி எடுக்க வந்த குத்தகைக்காரர் கூடையைக் கிளறினார். "இன்னாய்யா இது, மூத்திர நாத்தம்?" என்று அந்தக் கொத்தை மட்டும் எடுத்துச் சரிவில் வீசினார். நான் அதைத் தேடி எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். பொதட்டூர்பேட்டை பஸ் போய்விட்டிருந்தது.

அது பிழைத்ததா என்று விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. பொதட்டூர்பேட்டைக்காரர் யார் வந்து உட்கார்ந்தாலும் பேசாமல் சிரைத்து அனுப்பினேன். அந்தத் தீவிலேயே அந்த ஜாதி இப்போது அருகிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

கத்தி பிடிக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் மொட்டைக்கு வரும் குழந்தை சில சமயம் பயத்தில் சிரைத்த முடியை ஒரு பிடி பிடித்துக்கொள்ளும். விரலைப் பிரிக்காதீர்கள். மேஸ்திரி கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள்.