கண் திறக்காத நாட்களின் பன்னீர்

ஷீராஸுக்கு வந்து சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, வீட்டுக்கார அம்மாள் என் தலையில் பன்னீரை ஊற்றினார். கோபத்தில் அல்ல, நான் கேட்டுத்தான் ஊற்றினார். ஈரானில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆஸ்பத்திரி டியூட்டி இல்லாததால் காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, முற்றத்து வெயிலில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தேன். மாடி அறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்திருந்த பர்வீன் கானும் ஒரு கிண்ணத்தில் குங்குமப்பூ போட்ட பாயசத்தைக் கொண்டுவந்து நீட்டி, "கொலாப் மீகாஹி?" என்று கேட்டார். கானும் என்பது நம் 'அம்மா' மாதிரி ஒரு மரியாதைச் சொல். 'மீகாஹி' என்றால் 'வேண்டுமா' என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. 'கொலாப்' எனக்குப் புதிதல்ல என்று நினைத்தேன். தர்மபுரியில் எங்கள் பக்கத்து வீட்டு ஹாஜிரா அக்கா ரோஜாப்பூவைக் 'குலாப்' என்றுதான் சொல்வார். தலை குளித்து நிற்கிற பெண்ணுக்குப் பூ கொடுக்கிற வழக்கம் இங்கேயும் இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். சிரித்துக்கொண்டே தலையைத் தொட்டுக் காட்டி, வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே போனார். ஒரு பாட்டிலோடு திரும்பி வந்து, விருந்தாளி ஆசைப்பட்டதை மறுக்கக்கூடாது என்பதுபோல நிதானமாக என் உச்சந்தலையில் சாய்த்தார்.

பாரசீகத்தில் பூவுக்குக் 'கொல்' என்று பெயர். தண்ணீருக்கு 'ஆப்'. இரண்டும் சேர்ந்தால் பன்னீர். பாயசத்தில் விடப் பன்னீர் வேண்டுமா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். அந்தத் தண்ணீரின் பெயர்தான் எப்படியோ வடநாட்டு வழியாக நம் பக்கம் வந்து பூவுக்கே பெயராகிவிட்டது. இது விளங்க எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. அதுவரை பர்வீன் கானும் ரோஜாச் செடியைக் காட்டி "கொல், கொல்" என்று சொல்லும்போதெல்லாம் என் தமிழ்க் காது திடுக்கிடும். இன்னொரு நாள் வயிற்று வலி என்று வயிற்றைப் பிடித்துக் காட்டினேன். அலமாரியைத் திறந்து, "அரக்-எ-நானா" என்று ஒரு பாட்டிலை எடுத்தார். மதுவிலக்கு இருந்த ஊரில் வளர்ந்தவள் நான். சாராயமா, நானா என்று பதறிப்போய்க் கையை வேகமாக ஆட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் டம்ளரில் ஊற்றி முதலில் தானே குடித்துக் காட்டிய பிறகுதான் வாசனை எனக்கு எட்டியது. புதினாவைக் காய்ச்சி வடித்த தண்ணீர். 'அரக்' என்றால் வடித்த தண்ணீராம், 'நானா' என்றால் புதினாவாம்.

அந்த அலமாரியைப் பற்றிச் சொல்லாமல் ஷீராஸைப் பற்றிச் சொல்ல முடியாது. நம் வீடுகளில் எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் இருக்கிற மாதிரி இங்கே ஒவ்வொரு வீட்டிலும் பூவிலும் இலையிலும் வடித்த தண்ணீர்கள் பாட்டில் பாட்டிலாக நிற்கின்றன. நாரத்தைப் பூவின் தண்ணீரைச் சர்க்கரையோடு கலந்து, மனசு படபடக்கிறது என்று சொல்பவர்களுக்குக் கொடுப்பார்கள். தோலில் அரிப்பு என்றால் ஏதோ ஒரு கசப்புச் செடியின் தண்ணீர். பன்னீரோ எல்லாவற்றுக்கும். சோற்றிலும் டீயிலும் விடுவார்கள். முகம் கழுவியபின் பஞ்சில் நனைத்துத் துடைப்பார்கள். துணிப் பெட்டியில் அந்தப் பஞ்சையே போட்டு வைப்பார்கள். கல்லறைக்குப் போனால் கல்லைக்கூட அதில்தான் கழுவுவார்கள். நம் பக்கத்திலும் இதெல்லாம் இல்லாமல் இல்லை. குடிதண்ணீர்ப் பானையில் அம்மா வெட்டிவேரை முடிந்து போடுவாள். வியர்க்குருவுக்கு வேப்பிலை ஊறிய தண்ணீர், சளிக்கு நொச்சி ஆவி. ஆனால் பன்னீரை வாய்க்குள் விடுவது என்பது எனக்கு முதலில் சோப்பைச் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. இப்போது பன்னீர் விடாத பாயசம்தான் எனக்குக் குறைபட்டதாகத் தோன்றுகிறது. நான்கு வருஷத்தில் நாக்கு இடம் மாறிவிட்டது.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் பர்வீன் கானும் என் முகத்தைத் தொட்டார். ஊரில் என் முகத்தைப் பார்ப்பவர்கள் உடனே கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள், அதை ஒரு மரியாதை என்று நினைத்து. இவர் நேராகத் தழும்புகளின்மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டார். பெரியம்மைக்குப் பாரசீகத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. காய்ச்சல், கொப்புளம், சின்ன வயசு என்று தெரிந்த சொற்களை அடுக்கினேன். "ஆபெலே!" என்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்றார். எத்தனையோ பேர் என் அம்மையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், ஆனால் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அன்று அரைகுறைப் பாரசீகத்தில் நான் அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். கோடையில் அம்மை வந்தது. அப்பா பாலக்கோட்டில் வெல்ல மண்டியில் எடை போடுகிற வேலை பார்த்தார். தம்பிக்கும் தொற்றிவிடக்கூடாது என்று அவனை அழைத்துக்கொண்டு ஏரியூரில் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டார். வாசலில் வேப்பிலை கட்டியதும் சொந்தக்காரர்கள் எங்கள் தெருவையே மறந்துபோனார்கள். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு அது நோய் இல்லை, ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள். வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது, வந்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். கொப்புளங்கள் இமைகளிலும் வந்து என் இரண்டு கண்ணும் மூடிக்கொள்ளும்வரை உறுதியாக இருந்தாள்.

கண் திறக்காத மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அம்மா கொல்லைப்பக்கம் போய் வேலிக்கு அந்தப்புறம் கூப்பிடுவது எனக்குக் கேட்டது.

"ஆசிராம்மா... ஆசிராம்மா, கொஞ்சம் வர்றீங்களா? புள்ளைக்குக் கண்ணே தொறக்கலைங்க. ஒருத்தரும் வாசப்படி மிதிக்க மாட்டேங்கறாங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலைங்க."

ஹாஜிரா என்ற பெயர் அம்மாவின் வாயில் அப்படித்தான் வரும். ஹாஜிரா அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயசுகூட இருக்காது. அவர் கணவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அத்தரும் ஊதுபத்தியும் பன்னீரும் விற்கிற கடை வைத்திருந்தார். வேலி வழியே கறிவேப்பிலை கொடுத்து வாங்குகிற பழக்கம் உண்டே தவிர, அவர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை, நாங்களும் போனதில்லை.

"எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சுங்க அக்கா. மறுபடி வராதாம். நான் வர்றேன், நீங்க அழாதீங்க."

"உங்க வூட்டுல சின்னக் கொழந்த இருக்குதுங்களே?"

"அவள எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடறேன்."

இரண்டு வயசு ஷம்ஷாத்தை அவர் கணவர் அன்றைக்கே பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய் விட்டார். அம்மாவைத் தேடி அந்தக் குழந்தை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே போனதாம். போன மாசம் நான் லீவில் ஊருக்குப் போய்வந்தது அந்த ஷம்ஷாத்தின் கல்யாணத்துக்குத்தான்.

கண் தெரியாதவளுக்கு ஆட்கள் குரலாலும் வாசனையாலும்தான் வருகிறார்கள். அம்மா மஞ்சளும் வேப்பிலையும். ஹாஜிரா அக்கா பன்னீர். கடையிலிருந்து புதுப் பாட்டில் கொண்டுவந்து, மெல்லிய மல்துணியை நனைத்து என் இமைகளின்மேல் வைப்பார். ஒட்டியிருக்கும் சீழை ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைப்பார். துணி சூடேறியதும் மாற்றுவார். கையைத் தூக்கிச் சொறியப் போனால் பிடித்துக்கொள்வார். "அரிச்சா சொல்லு பாப்பா, நான் ஊதறேன். நீ மட்டும் தொடாதே." வலியில் நான் அவரைத் திட்டியிருக்கிறேன். ஒருமுறை பாட்டிலைத் தட்டிவிட்டேன். தரையெல்லாம் பன்னீர் ஓடியது. "பரவால்ல விடு, வூடே மணக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலைத் திறந்தார்.

முதலில் இடது கண் திறந்தது. கலங்கலாக ஒரு முகம் தெரிந்தது. எப்போதும் முக்காட்டுக்குள் தூரத்திலிருந்தே பார்த்திருந்ததால், அவர் கன்னங்களிலும் அம்மைத் தழும்பு இருப்பதை அப்போதுதான் கண்டேன். அவரும் நான் பார்ப்பதைக் கண்டுகொண்டார்.

"என்ன அப்படிப் பாக்கற? நீயும் இப்படித்தான் இருக்கப்போற. எனக்குக் கல்யாணம் ஆகலையா, கொழந்த பொறக்கலையா? கண்ணு தெரியுதில்ல? அது போதும்" என்றவர், அம்மாவைக் கூப்பிடத் திரும்பும்போது குரல் உடைந்து அழுதுவிட்டார்.

அம்மை இறங்கியபின் தண்ணீர் ஊற்றுகிற சடங்கு உண்டு. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைச் சொந்தக்காரப் பெண்கள் ஊற்றுவார்கள். அதற்கு மட்டும் எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா செம்பை நேராக ஹாஜிரா அக்காவிடம் நீட்டினாள். பெரியப்பா சத்தம் போட்டார்.

"சாமி காரியத்துல அவங்கள எதுக்கு இழுக்கற? நம்ம சனம் ஊத்தட்டும்."

அம்மா பெரியப்பாவின் எதிரே நின்றுகூடப் பேசாதவள். அன்று பேசினாள்.

"ஆத்தா இந்த வூட்டுல இருந்த அத்தன நாளும் கூட இருந்தது இவங்கதானுங்க மாமா. ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்கல. மொதச் செம்பு இவங்க ஊத்தட்டும். அப்பறம் யாரு வேணாலும் ஊத்துங்க."

பெரியப்பா வெளியே போய் நின்றுகொண்டார். "வேணாங்க அக்கா, எதுக்கு வம்பு" என்று ஹாஜிரா அக்கா பின்வாங்கினார். அம்மா விடவில்லை. "அந்தப் பன்னீரையும் அதுலயே கலந்து ஊத்துங்க, புள்ளைக்கு அது பழகிடுச்சு" என்றாள். வேப்பிலை மணமும் பன்னீர் மணமும் சேர்ந்து என்மேல் இறங்கின. அதற்குப் பிறகு எங்கள் வேலியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து ஏற்பட்டது. அதை யாரும் அடைக்கவில்லை.

நர்ஸ் படிப்பு படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். பன்னீர் பெரியம்மையை ஆற்றாது. கொதிக்கவைத்து ஆறிய சுத்தமான தண்ணீரும் இமைகளை அதேபோலத் துடைத்திருக்கும். என் கண்ணைக் காப்பாற்றியது, சலிக்காமல் துடைத்த கை. அந்தக் கை பக்கத்தில் இருக்கிறது என்று இருட்டில் கிடந்த எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த வாசனை. பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தைக் கண்டு திரும்பிப் போனபோது, சேலத்தில் நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போடலாம் என்று எனக்குத் தோன்றியது அந்தக் கையை நினைத்துத்தான். அங்கிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து இந்த ஷீராஸ். என் வார்டில் கண்கட்டோடு படுத்திருப்பவர்களிடம் போகும்போது, முதலில் என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தொடுவேன்.

இந்தக் கதையைத்தான் அன்று பர்வீன் கானும் கேட்டார். போன மாசம் நான் லீவில் கிளம்பும்போதும் அவருக்கு அது நினைவிருந்தது. தானே கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய பாட்டில் பன்னீர் வாங்கி, துணியில் சுற்றி, "அந்தப் பெண்ணுக்கு" என்று கொடுத்தார். கூடவே ஒரு வாக்கியம்: "தஸ்தெத் தர்த் நகொனே." உன் கை வலிக்காதிருக்கட்டும் என்று பொருள். நன்றி என்பதை இவர்கள் இப்படியும் சொல்வார்கள்.

தர்மபுரியில் ஹாஜிரா அக்கா வீட்டில் கல்யாணச் சமையலுக்கு அண்டா இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பாட்டிலைக் கொடுத்து, அந்த வாக்கியத்தைப் பாரசீகத்திலேயே சொன்னேன். வீட்டில் உருது பேசுகிறவர் என்பதால் அதில் 'தர்த்' மட்டும் அவருக்குப் பிடிபட்டது.

"வலியா? யாருக்கு வலி? அந்தம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று பதறினார்.

விளக்கிச் சொன்னேன். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை நல்லாத்தான் இருக்குது. முட்டிதான் வலிக்குது, அதையும் சேத்து வேண்டிக்கச் சொல்லு" என்று சிரித்தார். பிறகு மூடியைத் திறந்து முகர்ந்தவர், அப்படியே பக்கத்தில் நின்ற என் அம்மாவிடம் நீட்டினார். அம்மா இரண்டு சொட்டு உள்ளங்கையில் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "அவ்வளவு தூரத்துல இருக்கறவங்களுக்கும் உங்களத் தெரிஞ்சிருக்குது பாருங்க" என்றாள்.

கல்யாணத்தன்று பெண்கள் வருகிற வாசலில் என்னை நிற்கச் சொன்னார் ஹாஜிரா அக்கா. வெள்ளிப் பன்னீர்ச் செம்பில் ஷீராஸ் பன்னீரை நிரப்பி என் கையில் கொடுத்து, "இது வூட்டுப் பொண்ணு செய்யற வேல, நீதான் செய்யணும்" என்றார். வருகிறவர்கள்மேல் எல்லாம் தெளித்தேன். அரூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டார். எந்த ஊரைக் கேட்கிறார் என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. ஊரில்தானே நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், "அடுத்த புதன்கிழமைங்க" என்ற பதில்தான் வந்தது.

செம்பை வாசல் மேஜையில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போய்த் திரும்பினேன். அதற்குள் மாப்பிள்ளை வீட்டுச் சின்னப்பெண் ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு என் இடத்தில் நின்றிருந்தாள். என்னை அவளுக்குத் தெரியாது. யாரோ வெளியூர் விருந்தாளி என்று நினைத்து, "வாங்க, வாங்க" என்று சிரித்தபடி என் புடவைமேல் தெளித்தாள். அதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவு நேரம் தெளித்த கையின் ஈரம் இன்னும் காயாமல் இருக்க, தோளில் புதுசாக நனைந்துகொண்டு, உள்ளே போவதா வாசலிலேயே நிற்பதா என்று தெரியாமல் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.