இரண்டு ஒயரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

போன வாரம் மகன் ஒரு பொம்மை ரயில் செட் வாங்கி வந்தான். எங்கள் உலு திராம் வீட்டுக் கூடத்து மேசையில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி, கைப்பேசியைத் தடவினான், ரயில் ஓடியது. நான் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். "என்னம்மா தேடறீங்க?" என்றான். ஒயரைத் தேடுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒயர் என்றாலே எனக்கு ஈய வாசனைதான். கல்யாணமான புதிதில் ஒரு தொழிற்சாலையில் பவர் சப்ளை போர்டுகளுக்கு ஈயம் பற்றவைக்கும் வேலை. எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் அந்தப் புகை முடியை விட்டுப் போகாது. கோயிலில் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "சாம்பிராணிய மாத்திட்டாங்களா, என்ன?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் ஒயர்மேன். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டப் போய்விடுவார், நான் தூங்கிக்கொண்டிருப்பேன். எனக்கு மத்தியான ஷிஃப்ட். நான் திரும்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமையிலும் பாதி நாள் அவருக்கு ஓவர்டைம். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். நான்கு மாதத்தில் அவர் பேச்சைவிட அவர் குறட்டைதான் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. பாலோவில் இருக்கும் அம்மாவிடமே போய்விடலாம் என்று தோன்ற ஆரம்பித்தது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடவும் ஆள் வீட்டில் இருக்க வேண்டுமே.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம். பெக்கோக்கில் ரயில் பாதையோரம் வளர்ந்தவர். அந்த ஊர் ஸ்டேஷனை இரண்டு பலகைகளில் பொம்மையாகச் செய்துகொண்டிருந்தார். ஒரு பவர் சப்ளை போதாமல் தூரத்து முனையில் ரயில் நொண்டியது. ஆகவே பலகைக்கு ஒன்று என்று முடிவு. ஒருநாள் எழுந்து பார்த்தால் பலகையில் ஒரு டேப் துண்டு: "என் ஈயம் கட்டி கட்டியா நிக்குது. ரெண்டாவது பலகைய நீ செய்றியா?" அவர் எனக்கு எழுதிய முதல் வரி அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலையில் போர்டைக் கவிழ்த்துப் போட்டுத்தான் ஈயம் வைப்போம். அதே பழக்கத்தில் பலகையையும் கவிழ்த்துக்கொண்டேன். அவர் பலகையில் ஜன்னல் பக்கத் தண்டவாளக் கம்பிக்குச் சிவப்பு ஒயர், சுவர்ப் பக்கத்துக்குக் கறுப்பு. நானும் ஜன்னல் பக்கம் இருந்ததற்கே சிவப்பைக் கொடுத்தேன். நிமிர்த்தினால் அது சுவர்ப் பக்கம் போய்விடும் என்பது மண்டையில் ஏறவில்லை.

அவருக்கு முழு லீவு கிடைத்த ஒரு ஞாயிறு காலை பலகைகளைச் சேர்த்தோம். சாயந்தர பஸ்ஸில் பாலோ போகப் பையைக் கட்டி வைத்திருந்தேன். ரயில் ஓடியதும் சொல்லிவிடுவதாக உத்தேசம். அது அவர் பலகையில் ஜோராக ஓடி, என் பலகையைத் தொட்டதும் நின்றது. பவர் சப்ளை 'டக்'கென்று அணைந்தது.

"அலமாக்! உன் பக்கம் ஷார்ட் லா."

"என் ஈயத்துல மட்டும் குத்தம் சொல்லாதீங்க!"

அதுதான் எங்கள் முதல் சண்டை. இரண்டு பேரும் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்தோம். நாலைந்து பார்த்ததுமே என் தவறு எனக்குப் புரிந்துவிட்டது. என் பவர் சப்ளையில் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றினால் போதும், இரண்டு நிமிட வேலை. நான் வாயைத் திறக்கவில்லை. மானப் பிரச்சினை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் பெக்கோக் கதை சொன்னார். நான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். நடுவில் நாசி லெமாக் வாங்கி வந்து அங்கேயே உட்கார்ந்து தின்றோம். பஸ் போய்விட்டது.

பொழுது சாய்ந்த பிறகு அவரே எழுந்து அந்த இரண்டு ஒயரையும் மாற்றினார். ரயில் என் பக்கம் வந்தது.

"இப்பதான் கண்டுபிடிச்சீங்களா?"

"காலைலயே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பையத் தூக்கிட்டுப் போயிருப்பல்ல."

அழுதுவிட்டேன். எனக்கும் அப்போதே தெரியும் என்பதை மட்டும் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அதன் பிறகு ஞாயிறு ஓவர்டைமை விட்டுவிட்டார். ஆளுக்கொரு பவர் சப்ளையின் குமிழைத் திருகினால்தான் ரயில் முழுச் சுற்று வரும். அதற்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்போம்.

பலகைகளைக் கரையான் தின்றது. தொழிற்சாலையும் மூடிவிட்டார்கள். இருவருக்கும் ஓய்வு. புது ரயிலுக்கு ஒரு விரல் போதும். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி தனியாகவே ஓட்டுகிறார். நான் சமையற்கட்டிலிருந்து பார்க்கிறேன். நாள் முழுக்க ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக்கொண்டு இருக்கிறோம், சந்தோஷம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று இரண்டு பேருக்குமே தெரிவதில்லை.