விஜயரத்தினத்தின் வரிசை

விஜயரத்தினத்துக்கு இந்த நாட்டில் முழுமனதாகப் பிடித்துப்போன ஒரே விஷயம் வரிசை. குளிரோடு அவர் இன்னும் சமாதானமாகவில்லை. ஆனால் முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் அகதி விண்ணப்பத்தோடு லண்டன் குரோய்டன் அலுவலகத்தில் நின்றபோது, பின்னால் வந்த ஒருவனும் தன்னைத் தாண்டிப் போகாததைக் கண்டு அசந்துபோனார். அன்றிலிருந்து வரிசை அவருக்குச் சமயம் மாதிரி. தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும், பஸ்ஸில் யாராவது இடித்துக்கொண்டு ஏறினால் நாள் முழுக்கப் பொருமுவார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்ததோ நோர்பரியில் ரஞ்சனாவின் பேக்கரி. பாண் ரொட்டி, பணிஸ், மீன் அடைத்துப் பொரித்த பற்றிஸ் எல்லாம் அருமை. வரிசையும் உண்டு, பேருக்கு. தட்டு வெளியே வந்ததும் பாதி, போனில் சொல்லிவைத்தவர்களின் பெட்டிக்குள் போய்விடும். பெட்டியில் ஆளின் பெயரும் இராது. வாடிக்கையாளரில் ஆறு சிவாவும் நாலு ராணியும் இருப்பதால் ரஞ்சனா ஊரைத்தான் எழுதுவார்: வேலணை மாமி, அளவெட்டி அண்ணை.

அந்த ஞாயிறு விஜயரத்தினத்துக்கு மீன் பற்றிஸ் கட்டாயம் வேண்டும். மனைவி கமலாம்பிகை நியுமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்து பதினொரு நாள். கஞ்சி, சூப் எதுவும் இரண்டு கரண்டிக்கு மேல் உள்ளே போகவில்லை. காலையில் அவராகவே, "ஒரு மீன் பற்றிஸ் எண்டால் தின்னலாம் போலை கிடக்கு," என்றார். விஜயரத்தினம் முகம்கூட மழிக்காமல் ஓடிவந்தார்.

அவருக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கும்போது தட்டு காலி.

"முடிஞ்சுது. இனி நாளைக்குத்தான்," என்றார் ரஞ்சனா.

"அப்ப உந்தப் பெட்டிக்குள்ளை கிடக்கிறது என்ன, கல்லோ?"

"அது சொல்லிவைச்சவையின்ரை. நீங்களும் ஒரு போன் அடிச்சிருக்கலாமே, அண்ணை."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் ஏன் அடிக்கோணும்? கால் கடுக்க நிக்கிறவன் மனிசன் இல்லையோ? அங்கை பாருங்கோ, கரவெட்டி அக்காவாம்! கரவெட்டி எண்டால் கொம்பு முளைச்சிருக்கோ? படுக்கையிலை கிடந்து போன் அடிக்கிற ஆக்களுக்குத்தானோ பற்றிஸ்?"

வரிசை முழுவதும் "ஓம், சரிதானே" என்று அவர் பக்கம் சாய்ந்தது. விடிய ஐந்து மணியிலிருந்து நிற்கும் ரஞ்சனாவுக்கும் பொறுமை போய்விட்டது. கரவெட்டிப் பெட்டியை எடுத்துப் படாரென்று திறந்தார்.

"வரிசைதானே வேணும்? வரிசைப்படியே தாறன்."

உள்ளே நாலு இருந்தன. முன்னால் நின்ற இருவரும் இரண்டிரண்டாக வாங்கினார்கள். விஜயரத்தினத்துக்கு நீதி கிடைத்தது, பற்றிஸ் கிடைக்கவில்லை. அவர்களிடம் ஒன்றைக் கேட்டிருக்கலாம். இவ்வளவு முழங்கிவிட்டுக் கையேந்த மனம் வரவில்லை. ஒரு பாணை வாங்கிக்கொண்டு எரிச்சலோடு வெளியே வந்தார்.

போன் அடித்தது. கமலாம்பிகை.

"எடுத்தாச்சோ?"

"எங்கை? முடிஞ்சுபோச்சாம்."

"அதெப்பிடி முடியும்? நீங்கள் வெளிக்கிட்ட கையோடை நான் போன் அடிச்சுச் சொல்லிவைச்சனான். உங்களுக்கு உது பிடிக்காது எண்டுதான் சொல்லேல்லை. கரவெட்டி அக்கா எண்டு நாலு எடுத்து வைச்சிருப்பா, கேளுங்கோ."

விஜயரத்தினம் கோப்பாய்க்காரர். நாற்பது வருடக் குடித்தனத்தில் மனைவியின் ஊர் கரவெட்டி என்பது அவர் நினைவுக்கு வருவது சண்டை நாட்களில் மட்டும்தான். வார நாளில் பாண் வாங்க வரும் கரவெட்டி அக்காவும் ஞாயிறு வரும் இவரும் ஒரே வீடென்று ரஞ்சனாவுக்கும் தெரியாது.

"கெதியா வாங்கோ," என்றார் கமலாம்பிகை. "எனக்குப் பசிக்குது."

பதினொரு நாளில் அவர் அந்தச் சொல்லைச் சொல்வது இதுதான் முதல் தடவை. விஜயரத்தினம் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கடைக் கதவு திறந்தது. வரிசையில் முதலாவதாக நின்றவர் வாய் நிறையப் பற்றிஸோடு வெளியே வந்து அவர் தோளில் தட்டினார்.

"நல்லாக் கேட்டனீங்கள், அண்ணை."