தவுடு என்கிற முழுப்பெயர்

பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. முதல் ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் எழுதிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டி எழுதலாம். எழுதிய பிறகு மாற்ற முடியாது. அரசாங்கம் பொறுமையாகக் காத்திருக்கும், ஆனால் ஒரு தடவைதான் கேட்கும். பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இதெல்லாம் மனப்பாடம். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் இனிப்போடு என்னிடம் வருவார்கள். யாராவது இறந்துபோனால் இனிப்பில்லாமல் வருவார்கள்.

என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் தம்பதி இரண்டு விதமாகவும் வந்திருக்கிறார்கள், இரண்டு தடவை. அவன் கல்வராயன் மலையிலிருந்து குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் லாரியின் டிரைவர். அவள் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். முதல் பையனுக்கு நட்சத்திரம் பார்த்து, எண்கணிதம் பார்த்து, ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன்பே பெயர் பதிந்தார்கள். அவன் குப்புற விழக் கற்றுக்கொண்ட மாதத்தில் போய்விட்டான். இரண்டாவது பையனுக்கு அதைவிட நல்ல ஜோசியர், அதைவிட நீளமான பெயர். அவன் அவ்வளவு தூரம்கூட வரவில்லை. டாக்டர்கள் இரண்டு மரணத்துக்கும் வெவ்வேறு காரணம் சொன்னார்கள். இரண்டும் சரியாகத்தான் இருக்க வேண்டும். நான்கு சான்றிதழ்களையும் அவள் ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள்.

மூன்றாவதும் பையன். இந்தத் தடவை ஜோசியர் இல்லை. தகப்பன் தன் லாரியில் ஒரு மலைக்காரப் பெண்மணியைக் கூட்டிவந்தான். பெற்ற பிள்ளைகள் அத்தனையும் உயிரோடு இருப்பவள் என்பதுதான் அவளுடைய தகுதி. மாடிப்படியின் மேல் முறத்தை வைத்து, மடியில் கட்டிவந்த சாமைத் தவிட்டை அதில் கொட்டினாள். கொட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"தவுட்டுக்கு வாங்கிட்டேன். இனிமே இது எம் புள்ள. நீ பால் குடுக்குறவ, அவ்ளோதான்" என்றாள் தாயிடம். "இத்த எவனும் தேடினு வரமாட்டான்."

காசு பெறாத பொருளைத் திருட யாரும் வரமாட்டார்கள் என்பது கணக்கு. கணக்கு டீச்சர் தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து அவன் தவுடு. தடுப்பூசி அட்டையில் மட்டும் 'ஆண் குழந்தை' என்று இருந்தது.

இது கூப்பிடுவதற்கு மட்டும் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓராண்டு முடிவதற்குள் ஒரு நல்ல பெயரை எழுதிவிடுங்கள் என்று மாடி ஏறிப் போய்ச் சொன்னேன். அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு பையன் படப்போகும் பாட்டை விவரித்தேன். கல்யாணப் பத்திரிகையை விவரித்தேன். கடைசியாக, எழுதினால் மாற்ற முடியாது என்ற விதியை எடுத்து வீசினேன். என் சர்வீஸில் அந்த விதிக்கு அசையாத ஆளை நான் பார்த்ததில்லை.

"மாத்த முடியாதா சார்?" என்றான் அவன். "அதாங்க எங்களுக்கு வேணும்."

விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அவன் லோடு இறக்கிவிட்டு வரும் வழியில் அலுவலகத்தில் கொடுத்து, சில நாள் கழித்துச் சான்றிதழை வாங்கிவந்தான். மடித்தபடியே என்னிடம் நீட்டினான். அதைப் படித்த முதல் ஆள் நான்.

அதில் தவுடு என்ற பெயர் இல்லை. அலுவலகத்தில் கணினியில் ஏற்றிய பெண் நல்லவளாக இருக்க வேண்டும். தவுடு என்று எந்தத் தாயும் பெயர் வைக்கமாட்டாள் என்று நம்பியிருக்கிறாள். 'தவ' என்று தொடங்கும் ஏதோ ஒரு நீளப் பெயரை வீட்டில் சுருக்கிக் கூப்பிடுகிறார்கள், விவரம் தெரியாதவர்கள் அதையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று எண்ணி, அவளே முழுப்பெயராக விரித்துவிட்டாள். லட்சணமான பெயர். ஜோசியருக்குக்கூட வாய்க்காது. அதை இங்கே எழுதப்போவதில்லை. இருக்கக்கூடாத ஓர் இடத்தில் ஏற்கெனவே அது இருக்கிறது.

அன்று சாயங்காலம் குழந்தைக்கு உடம்பு சுட்டது.

ஊர் முழுக்க அந்தக் காய்ச்சல்தான் என்றார் டாக்டர். நானும் அதையேதான் சொன்னேன். மருந்துக்கடையில் நின்ற கூட்டத்தையும் சாட்சிக்கு அழைத்தேன். அவள் சான்றிதழை விரித்துவைத்து, அந்தப் பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு மீதியைப் படித்தாள்.

பெயரை மாற்றத்தான் முடியாது, அலுவலகத்தில் நேர்ந்த பிழையைத் திருத்த வழி இருக்கிறது. பெற்றோர் உறுதிமொழி, பழைய விண்ணப்பத்தின் நகல், பதிவாளரின் கையெழுத்து. எல்லாவற்றையும் மறுநாளே தயார் செய்து நானே எடுத்துப் போனேன். பதிவாளர் கூட்டத்துக்குப் போயிருந்தார். பிறகு பயிற்சிக்குப் போயிருந்தார். அவர் வந்த அன்று சர்வர் போயிருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நானும் எத்தனையோ பேரிடம் திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கேட்கும்போதுதான் அந்தச் சொல் எவ்வளவு நீளம் என்று தெரிகிறது.

இதற்கிடையில் அவள் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டாள். சமைத்துக்கொண்டிருந்தாலும், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாலும், சற்றைக்கொருதரம் "தவுடு" என்று குரல் கொடுப்பாள், வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல. பையன் "ஆ" என்பான். கீழே நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன். அந்த "ஆ" தாமதமானால் எந்த வரியில் இருந்தேன் என்பது மறந்துபோகும். இத்தனைக்கும் எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

காய்ச்சல் விட்டது. இருமல் நின்றது. மறுபடி இருமல் வந்தது. ஒரு வழியாகத் திருத்திய சான்றிதழும் வந்தது. பெயர்: தவுடு. மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் அன்று லோடுக்குப் போகவில்லை. உள்ளறையில் தூளியில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் புதிய தாளை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுக் கேட்டாள்.

"பழைய பேரு அங்க அழிஞ்சிடுச்சுங்களா சார்?"

என்னிடம் நடைமுறையைக் கேட்டால் நடைமுறையைத்தான் சொல்ல வரும். முதலில் பதிந்ததை அழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்றேன். அது அப்படியே இருக்கும், ஓரத்தில் திருத்தம் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுவார்கள், அவ்வளவுதான் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவன், கூடுதலாக ஒரு மூட்டை ஏறியதைக் கண்டுபிடித்தவன்போல நிதானமாகச் சொன்னான்.

"அப்ப அந்தப் பேர்ல ஒருத்தன் அங்க கீறான். இருக்கட்டும் சார். வர்றவன் அவனக் கூட்டினு போவட்டும்."

அவன் சிரிக்கக்கூடச் செய்தான். எனக்கும் அது ஒரு நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. பதிவேட்டின் ஓரங்களை இதற்குப் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவள் சிரிக்கவில்லை.

"அவனுக்கும் தாயார் பேருன்னு எம் பேருதான போட்டுக்கீது" என்றாள்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். பழைய சான்றிதழைக் கிழிப்பாள் என்று நினைத்தேன். அவள் அதை நான்காக மடித்து, அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள், ஏற்கெனவே இருந்த நான்கு தாள்களோடு வைத்து மூடினாள்.

பிறகு உள்ளறையைப் பார்த்து, வழக்கம்போல, "தவுடு" என்றாள்.

தூளி அசையவில்லை. தூங்குகிற குழந்தை உடனே பதில் சொல்லாது. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம்.