படத்தில் விழாத வெள்ளை

முதலில் முகத்தில்தான் வந்தது. மூக்கின் இரு பக்கமும் கன்னம் வரை சிவந்து தடித்திருந்தது. என் மனைவி தங்கம் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் குரங்கணி மலையிலிருந்து ஏலக்காய் மூட்டைகளை ஜீப் ஓட்டிக் கீழே கொண்டுவருகிறவன்.

"என்ன புள்ள, மஞ்சள்னு நெனச்சு மொளகாப்பொடியப் பூசிட்டியா?" என்று கேலி செய்தேன்.

"எல்லாம் ஒங்க ஜீப்புப் புழுதிதான் மாமா" என்றாள்.

பிறகு மூட்டுவலி, விடாத காய்ச்சல், கொத்துக் கொத்தாக முடி உதிர்தல். மதுரையில் பரிசோதித்து லூபஸ் (கிருமியோடு சண்டை போடவேண்டிய உடம்பின் காவல் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) என்றார்கள். வெயில் ஆகாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார்கள். பெயர் தெரிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

அடுத்த கோடையில் ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். தங்கம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மரியாதையாக எழுந்து நின்றாள்.

"வாங்கண்ணே. எங்க மாமா மலைக்குப் போயிருக்காரு. வர்ற நேரந்தான், உக்காருங்க."

விளையாடுகிறாள் என்று பார்த்தேன். ஆனால் கட்டியவனை விளையாட்டுக்குக்கூட யாரும் அண்ணன் என்று கூப்பிட மாட்டார்கள். செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிறந்த ஊரான ராசிங்காபுரத்திலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். "புத்தி பேதலிச்சிருச்சு மாப்ளே. நாங்க கூட்டிட்டுப் போறோம். நீங்க வேற பொண்ணப் பாருங்க."

"இது நோய் மச்சான்."

"நோயின்னா எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்."

காட்டுவதற்காகவே மதராஸ் போனோம். அவரும் கூட வந்தார். அங்கே டாக்டர் எங்கள் தொழிலைக் கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கு. ஏலக்காய் சலிக்கிற சல்லடை மாதிரின்னு வெச்சுக்குங்க. வேண்டியதை மட்டும் உள்ளே விடும். இந்த நோயில அது சில சமயம் பழுதாகும். கை நரம்புல ஒரு மருந்தை ஏத்திப் படம் எடுப்போம். தடுப்பு விட்டுப்போன இடத்துல மருந்து கசிஞ்சா வெள்ளையாத் தெரியும்."

சி.டி. ஸ்கேன் (தலையைக் குறுக்குவெட்டாகக் காட்டும் எக்ஸ்ரே படம்) அறைக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த எல்லோரும் ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஒரு பொட்டளவு வெள்ளையாவது விழ வேண்டும் என்று சாமியைக் கெஞ்சினேன். விழுந்தால் அவள் நோயாளி. விழாவிட்டால் பைத்தியம்.

விழவில்லை.

"தலைக்குள்ள ஒண்ணுமில்லைன்னு படமே சொல்லிருச்சுல்ல?" என்றார் மச்சான்.

டாக்டர் அவரைப் பார்த்து, "இந்த மெஷின் கண்ணுக்குத் தெரியலைங்க, அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனையில நோய் நல்லாவே தெரியுது" என்றார். மச்சான் தனியாகவே ஊர் திரும்பினார். நான் தங்கத்தை அவரோடு அனுப்பவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரையின் (உடம்பின் அந்தத் தாக்குதலை அடக்கும் மருந்து) அளவைக் கூட்டினார்கள். முகம் ஊதி, அவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. இந்த விஷயத்தில் இருவரும் சரிக்குச் சரி ஆகிவிட்டோம்.

ஒவ்வொரு சாயங்காலமும் அவள் சோறு பொங்கி வைத்து, "மாமா வந்ததும் ரெண்டு பேருக்கும் சேத்துப் போடுறேண்ணே" என்பாள். நானும் அவளோடு உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பேன். ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் முகம் மலரும். அதைப் பார்க்க என்னால் முடிந்ததே இல்லை.

மாத்திரை கூட்டிச் சில வாரங்கள் இருக்கும். ஒரு காலையில் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏன் மாமா இம்புட்டு நாளு? ஒரு அண்ணன் ஒங்களுக்காகக் காத்துக் கெடந்தாரு. பாவம், சாப்பிடாமயே போயிட்டாரு. பாத்தாக் கூட்டிட்டு வாங்க."

"சரி புள்ள" என்றேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

ஐப்பசி மழை வரை அவள் என் தங்கமாகவே இருந்தாள். பிறகு நோய் சிறுநீரகத்தைப் பிடித்தது; நான் மறுபடி அவளுக்கு அண்ணனானேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக என் கையைப் பற்றிக்கொண்டு, "அண்ணே, மாமாவுக்கு வெரசா ஆள் விடுங்க" என்றாள்.

"கெளம்பிட்டாரும்மா. வந்துக்கிட்டே இருக்காரு" என்றேன்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருக்கலாம். படத்தில் ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால், அதை வைத்து உங்கள் மனுஷியைச் சந்தேகப்படாதீர்கள்.

அவள் போனபிறகு நான் ஜீப் ஓட்டுவதில்லை. கை கால் யாருடையதோ போல இருக்கிறது. பொழுது சாய்ந்தால் சோறு பொங்கி இறக்கிவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறேன். மலையிலிருந்து ஜீப்புகள் ஒவ்வொன்றாக இறங்கிவருகின்றன. தங்கத்தின் மாமா வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம் என்று இருக்கிறேன்.