வற்றின தண்ணீருக்கு உப்புத் தண்ணீர்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என்னை மறித்துப்போட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதினதெல்லாம் கடைக்குக் கொடுத்துவிடுகிற சாமான் துண்டுதான். பிழைகள் இருக்கும், முன்னுக்குப் பின் மாறியும் இருக்கும், எது எந்த மாதம் நடந்தது என்றும் சரியாய் ஞாபகம் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கோ. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது ஆறமுதல் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், மகளோடும் மருமகனோடும் இருக்கிறேன். இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார்கள். போன வருசம் மருமகன் ஹோலுக்குள் ஒரு கடல்மீன் தொட்டி வைத்தார். நான் இருந்து மரக்கறி வெட்டுகிற மூலை அது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் சந்தையால் வந்து பார்க்கிறேன், என்னுடைய கதிரை பல்கனியில் நிற்கிறது.

உள்ளே முருகைக்கல், கடலுக்குள் இருக்கிற பவளக் கல்லுத்தான், அடுக்கி, மேலே நீல லைட் போட்டு, செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட இரண்டு மீன் விட்டார். அவற்றுக்கு வீடு மாதிரி அனிமனி என்று ஒன்று. பார்த்தால் பூ. பூ இல்லை, அது ஒரு உயிர். ஊதா நுனி வைத்த விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு மீனும் அதற்குள் முதுகைத் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கும். முதலில் எனக்கு எரிச்சலாய்த்தான் இருந்தது. பிறகு பகலில் பார்க்கிற நாடகத்தையும் விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

எத்தனை நாளுக்கு ஒருக்கால் தண்ணீர் மாற்றுவது என்பதுதான் வீட்டில் எந்த நேரமும் கதை. மருமகனுடைய போனுக்குள் ஒருத்தர் கிழமைக்கு ஒருக்கால் என்பார், இன்னொருத்தர் மாதத்துக்கு ஒருக்கால் காணும் என்பார். இடியப்பத்தைப் பிசைந்தபடி அவர்களோடு சண்டை பிடிப்பார். கடைசியில் இரண்டு கிழமைக்கு ஒருக்கால், பத்தில் ஒரு பங்கு என்று முடிவெடுத்தார். இங்கே கடலில் கால்வாய் வந்து விழுகிறதால் தண்ணீர் உதவாது என்று, கல்கிசைக்கு அங்காலே போய் நீலக் கேன்களில் கடல்தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருவார்.

ஆனால் அவர் தண்ணீர் மாற்றவே இல்லை.

தொட்டித் தண்ணீர் லைட் சூட்டிலும் காற்றிலும் தானாக வற்றி ஒரு விரல்கடை இறங்கிவிடும். அந்த இடத்துக்குக் கடல்தண்ணீரை ஊற்றி நிரப்புவார். அதைத்தான் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கெடுத்தார். நிரப்பிவிட்டுக் கையை உதறிக்கொண்டு, "ஓகே, தண்ணி மாத்தியாச்சு" என்பார். உள்ளே இருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் வெளியே எடுத்ததை நான் காணவில்லை.

சமைக்கிற எந்தப் பொம்பிளைக்கும் இது விளங்கும். சொதியை அடுப்பில் மறந்துவிட்டால் வற்றி உப்புக் கரிக்கும். வற்றினது தண்ணீர். உப்பு சட்டிக்குள்தான் நிற்கும். அதற்கு ஆராவது உப்புத் தண்ணீர் விட்டுக் கலக்குவார்களோ? தொட்டிக் கண்ணாடியின் விளிம்பிலும் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்துக் கசந்தது.

மருமகனிடம் நான் சொல்லவில்லை. எங்களில் மாமிமார் மருமகனோடு நேரே நின்று கதைக்கிறது இல்லை. சாப்பாடு வைத்தால்கூட, "பிள்ளை, அவருக்கு இன்னும் கறி வேணுமோ எண்டு கேள்" என்று மகளிடம்தான் சொல்வேன், அவர் எனக்கு முன்னாலேயே இருப்பார். கலியாணம் முடித்து ஒன்பது வருசமாய் இப்படித்தான். அதனால் இதையும் மகளிடம் சொன்னேன்.

"அம்மா, அவர் எல்லாம் வாசிச்சுப் பாத்துத்தான் செய்யிறார். நீங்கள் சும்மா இருங்கோ."

"ஒருக்காச் சொல்லிப் பார் பிள்ளை. உப்பு கூடிப் போச்சு."

"ஓம், சொல்லுறன்."

சொன்னாள்தான், பகிடியாக. "அம்மா உங்கட டேங்கை ருசி பாத்தவவாம், உப்புக் கூடவாம்." இரண்டு பேரும் சிரித்தார்கள். மருமகன் குசினிப் பக்கம் திரும்பாமலே, "மாமியிட்டச் சொல்லும், இது சமையல் இல்லை, சயன்ஸ் எண்டு" என்றார். நான் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டு நின்றேன். துருவலோடு விரல் தோலும் போனது.

அனிமனி சுருங்கத் தொடங்கியது. விரல்கள் கட்டையாய்ப் போய், நடுவில் இருக்கிற வாய் பிளந்து, இருந்த கல்லை விட்டு நகர்ந்தது. மீன்கள் அதைச் சுற்றிச் சுற்றித் திரிந்தன. தண்ணீர் சூடாகிப் போச்சு என்று மருமகன் மேலே ஒரு சின்ன ஃபான் பூட்டினார். காற்றுப் பட இன்னும் கெதியாய் வற்றியது. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் போதாது, இனிக் கிழமைக்கு ஒருக்கால் என்றார். அதாவது, கிழமைக்கு ஒருக்கால் இன்னும் உப்பு. உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று ஒருத்தர் அதை உப்புப் போட்டுக் கருவாடாக்குகிறார், நான் பகல் முழுக்க அதற்கு முன்னால் இருந்து பார்க்கிறேன்.

பிறகுதான் பெரிய கதை வந்தது. "மாமி வெள்ளிக்கிழமையில போடுற சாம்பிராணிப் புகைதான் தண்ணிக்க இறங்கியிருக்கு." இதையும் மகளிடம்தான் சொன்னார். மகள் வந்து, "கொஞ்ச நாளைக்கு விடுங்கோவன் அம்மா" என்றாள். சாமிக்கு முன்னால் வெறும் விளக்கோடு நின்றேன். மருமகனில் வந்த கோபத்தை விட மகளில் கூட வந்தது. என்னில் அதைவிடக் கூட. வாய் இருந்தும் ஊமை மாதிரி நின்றது நான்தானே.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், மீன் கொடுத்த கடைக்காரர் வந்தார். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் மனிசர், வயது ஐம்பது இருக்கும். ஒரு குழாய் மாதிரிக் கருவியின் கண்ணாடியில் தொட்டித் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். முப்பத்தைந்தில் நிற்க வேண்டிய உப்பு நாற்பத்தைந்தில் நின்றதாம்.

"சேர், தண்ணி மாத்துறதா?"

"ஒவ்வொரு கிழமையும் மாத்துறன். பத்து வீதம்."

"வெளிய எடுக்கிறது எவ்வளவு?"

மருமகன் தலையைச் சொறிந்தார். "எடுக்கிறதில்லை... அது தானாக் குறையுதுதானே. குறைஞ்சதுக்கு நிரப்புறன்."

நான் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றேன். தட்டைத் தொலைக்காட்சி மேசையில் வைத்துவிட்டு, ஒன்பது வருசத்தில் முதல்தரம் அவருடைய முகத்தைப் பார்த்துக் கதைத்தேன்.

"மருமகன், வத்தினது தண்ணி. உப்பு வத்தேல்லை. நீங்கள் அதுக்கு மேல மேல உப்பைத்தான் ஊத்தினீங்கள். நான் சொல்லி விட்டனான். நீங்கள் சிரிச்சனீங்கள்."

"அம்மா!" என்றாள் மகள்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "உம்மா செல்றது நூத்துக்கு நூறு சரி சேர். வத்துறதுக்கு நல்ல தண்ணிதான் விடோணும். மாத்துறது வேற வேல. அழுக்குத் தண்ணிய எடுத்துட்டு, எடுத்த அளவுக்குத்தான் கடல்தண்ணி. மீன் தரக்குள்ள நான் வெளக்கமாச் செல்லல்ல, அது என்ட பிழை." உப்பை ஒரேயடியாய் இறக்கினால் மீனும் சாகும், பல நாளாய்க் கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் இறக்க வேண்டும் என்றும் சொன்னார். பிழை தன்னுடையது என்று சொன்ன ஆள் அவர் ஒருத்தர்தான்.

அனிமனிக்கு அவ்வளவு நாள் இருக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சளி மாதிரிக் கரைந்து, தண்ணீரும் நாறத் தொடங்கியது. விட்டால் மீனையும் கொல்லும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தபடியால் மருமகன் அதை அள்ளி ஷொப்பிங் பையில் போட்டு, குப்பைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். அந்த இரண்டு மீனும் அன்று முழுக்க வெறும் கல்லில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றன.

அந்த வெள்ளிக்கிழமை ஆரையும் கேளாமல் சாம்பிராணி போட்டேன். வீடு மறையப் போட்டேன்.

இப்போது முறையாய் நடக்கிறது. வற்றினதற்கு நான் தினம் காலையில் வடிகட்டின நல்ல தண்ணீர் விடுகிறேன், குளோரின் மணக்கிற பைப் தண்ணீர் இல்லை. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் மருமகன் பத்தில் ஒரு பங்கை எடுத்து ஊற்றிவிட்டு, அதே அளவு கடல்தண்ணீர் விடுகிறார். உப்பையும் அளக்கிறார். மீன் இரண்டும் இருக்கின்றன. கோபம் போயிருக்க வேண்டும்தானே.

போன கிழமை பாமன்கடைப் பக்கம் குடியிருக்கிற அவருடைய சிநேகிதர் ஒருத்தர் புதிதாய்த் தொட்டி வைக்கிறேன் என்று வந்தார். எத்தனை நாளுக்கு ஒருக்கால் தண்ணீர் மாற்றுவது என்று கேட்டார். மருமகன் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, "ரெண்டு கிழமைக்கு ஒருக்கா மச்சான், பத்து வீதம், அவ்வளவுதான்" என்றார். வற்றுகிற தண்ணீரைப் பற்றி ஒரு சொல் இல்லை. செத்ததைப் பற்றியும் இல்லை. வெட்கமாக்கும். அந்த மனிசர் படி இறங்கும்போது நான் பின்னால் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்நிய ஆம்பிளை என்று இந்தமுறையும் கால் போகவில்லை.

அதனால்தான் இதை எழுதினேன். அந்தப் பத்தில் ஒரு பங்கும், முப்பத்தைந்து என்ற கணக்கும் நான் காதால் கேட்டது, படித்தது இல்லை. விசயம் தெரிந்த ஆராவது ஒருக்கால் வாசித்து, பிழை இருந்தால் வெட்டித் திருத்திவிடுங்கோ. திருத்தின பிறகு இது அந்தப் பாமன்கடை மனிசருடைய கையில் கிடைத்தால் போதும். அவர் அனிமனி வாங்கமுதல் கிடைக்க வேண்டும்.